பதினோரு அங்குலச் சோடியம்

3-6-1974, திங்கள்

சனிக்கிழமை எழுதிய குறிப்பில் ஒரு தவறு செய்திருக்கிறேன். ரசாயனத்தில் முப்பத்தெட்டு வாங்கித் தேறிவிட்டதாக எழுதியிருந்தேன். அது எனக்கு மேல் வரியில் இருப்பவருடைய மதிப்பெண். அன்று அறிவிப்புப் பலகையின் முன் கூட்டம். பலருடைய தோள்களுக்கு மேலாக எட்டிப் பார்த்ததில் ஒரு வரி தவறிவிட்டது. இன்று வகுப்புக்கு அரைமணி முன்பே போய், கடையிலிருந்து கொண்டுபோயிருந்த மர அடிக்கோலைப் பலகையில் படுக்கவைத்துப் பார்த்தேன். தனபாலன், முப்பத்து மூன்று. தேற முப்பத்தைந்து வேண்டும்.

இந்தத் தவறோடு நிற்கவில்லை. நேற்றே ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போய், முலாம் பூசும் பட்டறை முதலாளியிடம் தேறிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அங்கே நிக்கல் தொட்டிகளைச் சோதிக்க ஓர் ஆள் தேவை.

"சர்டிபிகேட்டை இருபதாந் தேதிக்குள்ள கொண்டாந்துடுப்பா. இல்லேன்னா வேற ஆளு ரெடியா கீறான்" என்றார்.

ஆறு வருஷமாகப் பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணி அளந்து கிழித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கிழிபடும் சத்தத்தை இன்னும் இருபது வருஷம் கேட்க முடியாது. இரண்டு மதிப்பெண் குறைகிறது. எங்கே குறைந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். என் பிழையாகத்தான் இருக்கும்.

4-6-1974, செவ்வாய்

விஞ்ஞானப் பிரகாசம் மாலைக் கல்லூரி மயிலாப்பூரில், குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய பங்களாவில் நடக்கிறது. பகலில் வேலை செய்கிறவர்களுக்கான இரண்டு வருஷப் படிப்பு. ரசாயன ஆசிரியர் சந்திரமௌலி. அவர்தான் தாள்களைத் திருத்தியவர். இன்று வகுப்பு முடிந்ததும் விடைத்தாளைக் காட்டினார். ஏழாவது கேள்விக்கு நான்கு மதிப்பெண், எனக்குப் பூஜ்யம்.

கேள்வி இது: ஆவர்த்தன அட்டவணையின் மூன்றாம் வரிசையில் உள்ள சோடியம், குளோரின் ஆகியவற்றில் எதன் அணு பெரியது? எதிலிருந்து எலெக்ட்ரானை எளிதில் நீக்கலாம்? காரணம் தருக.

நான் சோடியம், சோடியம் என்று எழுதியிருந்தேன். காரணமும் எழுதியிருந்தேன். அந்த வரிசையில் இடமிருந்து வலமாகப் போகப் போக எலெக்ட்ரான்கள் ஒரே கூட்டில்தான் வந்து சேர்கின்றன. ஆனால் நடுவில் உள்ள உட்கருவின் மின்சுமை ஒவ்வொன்றாகக் கூடுகிறது. அது எல்லாவற்றையும் உள்ளே இழுக்கிறது. அதனால் அணு சுருங்குகிறது; சுருங்கிய அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்க அதிக ஆற்றல் வேண்டும். எங்கள் கடையில் முதலாளியின் குரல் ஏற ஏற நாங்கள் ஒரே கவுண்டருக்குப் பின்னால் ஒடுங்கி நிற்பதை வைத்து இதை நினைவில் வைத்திருந்தேன். அதைத் தாளில் எழுதவில்லை.

"விடை சரிதாண்டா" என்றார் சந்திரமௌலி.

"அப்போ மார்க் சார்?"

"சரியா இருக்கறதுனாலதான் போட முடியலை. நீ குழப்பி எழுதியிருந்தா, பாவம், என்னவோ சொல்ல வரான்னு ரெண்டு போட்டிருப்பேன். நீ சந்தேகத்துக்கே இடமில்லாம எழுதி வெச்சுட்டே. ஹால்ல இருக்கற படத்தைப் பார்த்தியோன்னோ?"

"பார்த்திருக்கேன் சார்."

"அப்புறம் என்ன? அதுல சோடியம் சின்னது, குளோரின் பெரிசு. விடைக்குறிப்பு படத்தைப் பார்த்துதான் போட்டிருக்கு. எனக்கு இன்னும் நாலு வருஷ சர்வீஸ் இருக்குடா." வெளியே போகும்போது திரும்பிப் பார்த்து, "புஸ்தகத்துல நீ எழுதினபடிதான் இருக்கு. பக்கம் நூத்திப் பன்னெண்டு. நான் சொன்னேன்னு சொல்லாதே" என்றார்.

வகுப்பில் என் பக்கத்துப் பெஞ்சில் இருக்கும் ஷகீலா பகலில் அடையாறில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அவளுக்கு அறுபத்தொன்று.

"நீங்க என்ன எழுதினீங்க?" என்று கேட்டேன்.

"படத்துல இருந்ததை."

"அது தப்புன்னு தெரியாதா?"

"நல்லாத் தெரியும். எங்க ஆபீஸ்ல ஆபீசர் தப்பா டிக்டேட் பண்ணினாலும் அப்படியேதான் அடிப்பேன். கண்ணுக்கு முன்னாடி பத்தடிக்குத் தொங்குது, பார்த்து எழுத உங்களுக்கு என்ன கஷ்டம்?"

இரவல் வாங்கிய புத்தகத்தில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை நான்கு தடவை படித்தேன். நான் சரி என்றுதான் தோன்றுகிறது. நான்கு தடவையும் ஒரே ஆள்தான் படித்தேன் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

5-6-1974, புதன்

படத்தை அடிக்கோலால் அளந்தேன்.

ஹாலின் மேற்குச் சுவர் முழுவதும் அந்தப் படம்தான். ஹைட்ரஜனிலிருந்து கால்சியம் வரை இருபது தனிமங்கள். ஒவ்வொன்றும் ஒரு வட்டம். நல்ல சாயம். ஒவ்வொரு வட்டத்தின் இடது தோளிலும் ஒரு பளபளப்பு. கீழே சலவைக்கல்லில், இப்படம் இன்னாரால் இன்ன நாளில் திறந்துவைக்கப்பட்டது என்று பொறித்திருக்கிறது. சோடியத்தின் குறுக்களவு சரியாகப் பதினோரு அங்குலம். மக்னீசியம் பன்னிரண்டு. குளோரின் பதினேழு. ஆர்கான் பதினெட்டு.

ஆய்வுக்கூட உதவியாளர் ஏழுமலை ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் முழு அங்குலமாக வருகிறதே என்றேன்.

"வராம இன்னா நைனா? வடபழனி பேனர் ஆர்ட்டிஸ்டு கைல ஆர்டர் சீட்டை எடுத்துகினு போனதே நான்தான். சோடியம் பதினொண்ணு, மக்னீசியம் பன்னெண்டுன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்தாங்க. அவுரு சினிமா பேனர் போடற ஆளு. கதாநாயகன் நாப்பது, வில்லன் இருவத்தஞ்சுன்னுதான் அவுருக்கு சீட்டு வரும். நம்பர் போட்டா சைஸுன்னு நெனச்சிக்கினாரு."

"அது அணு எண். சோடியத்துல பதினோரு எலெக்ட்ரான் இருக்குன்னு அர்த்தம்."

"அத்த அவுருகிட்ட யாரு சொன்னது? அடியா அங்குலமான்னு மட்டும் கேட்டாரு. அடின்னா செவுரு தாங்காதே, அங்குலம்னேன். நான் பண்ண தப்பு அவ்ளோதான்."

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் சந்திரமௌலி படத்தைப் பார்த்தாராம். பார்த்துவிட்டு, சாயம் காய்ந்துவிட்டதா என்று கேட்டாராம்.

மேலிருந்து கீழாகப் பார்த்தால் லித்தியம் மூன்று, சோடியம் பதினொன்று, பொட்டாசியம் பத்தொன்பது. கீழே போகப் போகப் புதுக் கூடுகள் சேர்வதால் அணு பெருக்கத்தான் வேண்டும். ஆகவே மேலிருந்து கீழாகப் படம் சரி. இடமிருந்து வலமாக மட்டும் தவறு. ஒருவன் கழுத்தைப் பக்கவாட்டில் திருப்பாமல் நின்றால் இது தெரியாமல் போக வாய்ப்பு உண்டு. அவர்கள் பக்கத்தையும் எழுதிவைக்கிறேன்.

மேல்முறையீட்டு மனு கொடுத்தேன்.

7-6-1974, வெள்ளி

என் மனுவைக் கல்விக்குழு விசாரித்தது. முதல்வர் ராஜரத்தினம், அலுவலகக் கண்காணிப்பாளர் விசாலாக்ஷி, சந்திரமௌலி ஆகிய மூவர்தான் குழு. மேஜையில் ஒரு தட்டு பஜ்ஜி இருந்தது. முதல்வர் என் விடைத்தாளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு பஜ்ஜியை வைத்து மடித்து அழுத்தி எண்ணெயை ஒற்றிக்கொண்டார். எண்ணெய் மெல்லப் பரவி ஏழாவது விடைக்கு வந்து சேர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி, நீ ஒரு ஆளு. படம் பத்தடி. எதை நம்பறதுன்னு நீயே சொல்லு" என்றார்.

புத்தகத்தில் இருக்கிறது என்றேன்.

"புத்தகத்தை யாரு திறந்துவெச்சாங்க?"

"சார்?"

"படத்தை ஒரு பெரிய மனுஷர் வந்து ரிப்பன் வெட்டித் திறந்துவெச்சார். மாலை போட்டோம். புத்தகம் பார்சல்ல வந்துச்சு. ஒன்றரை வருஷமாப் படம் தொங்குது. இதுவரைக்கும் எந்த அணுவாவது ஆட்சேபம் சொல்லிச்சா?"

பிறகு எழுந்து நின்றார். மூன்று பேர் குழுவிலும் அவருக்கு எழுந்து நின்று பேசித்தான் பழக்கம்.

"எலெக்ட்ரான் கூடினால் அணு சுருங்கும் என்கிறார் இந்த இளைஞர். நான் இந்தக் கல்லூரியின் பொறுப்பை ஏற்றபோது அலுவலர்கள் ஏழு பேர். இன்றைக்கு முப்பத்தொரு பேர். கல்லூரி பெருத்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா? என் மைத்துனர் வந்தார், பெருத்தது. அவருடைய மாப்பிள்ளை வந்தார், இன்னும் பெருத்தது. மாணவர்கள் நானூறிலிருந்து தொண்ணூறாகக் குறைந்தது உண்மை. அது வேறு விஷயம். ஒரு நிறுவனத்தின் அளவு அதில் உட்கார்ந்திருப்பவர்களைப் பொறுத்தது, வந்துபோகிறவர்களைப் பொறுத்ததல்ல."

விசாலாக்ஷி அம்மாள் இதைக் குறித்துக்கொண்டார். அவர் ஒழுங்கானவர். எந்தத் தீர்மானமும் அதற்கு அடுத்த தீர்மானத்தோடு பொருந்தியாக வேண்டும் என்பார்.

"சார், அணு சின்னதா இருந்தா எலெக்ட்ரானை இறுக்கிப் பிடிச்சுக்கும்னு அதே புஸ்தகத்துல போட்டிருக்கு. அதை நாம மறுக்கலை. நம்ம படத்துல சோடியம் சின்னது. அப்போ அது எலெக்ட்ரானை விடாது. எதோடயும் சண்டைக்குப் போகாது. சாது."

"சாதுதான்" என்றார் முதல்வர்.

"அப்படின்னா அதை எதுக்கு மண்ணெண்ணெயில முக்கி வெச்சிருக்கோம்? ஊரெல்லாம் மண்ணெண்ணெய்க்குக் கியூவுல நிக்கறா."

முதல்வர் முகத்தில் முதல்முறையாக விஞ்ஞான ஆர்வத்தைக் கண்டேன். எவ்வளவு மண்ணெண்ணெய் என்று கேட்டார். இரண்டு புட்டியும் ஒரு டின்னும் என்றார் விசாலாக்ஷி. சோடியத்தை மண்ணெண்ணெயிலிருந்து விடுவிப்பது என்று தீர்மானமாயிற்று. சந்திரமௌலி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை அசைத்தார். எந்தப் பக்கமாக அசைத்தார் என்று நடவடிக்கைக் குறிப்பில் இல்லை.

என் மனு பரிசீலனையில் இருக்கிறது.

8-6-1974, சனி

சோடியத்தை எடுத்து ஒரு பீங்கான் தட்டில் வைத்துவிட்டார்கள். டின் முதல்வர் வீட்டுக்குப் போயிற்று. அங்கே மூன்று நாளாக ஸ்டவ் எரியவில்லை என்று ஏழுமலை சொன்னார். அவர்தான் தூக்கிக்கொண்டு போனவர்.

12-6-1974, புதன்

நாளை கல்லூரிக்குக் கல்வித்துறை ஆய்வாளர் வருகிறார். முதல்வர் ஆய்வுக்கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். நாங்கள் பரிசோதனை செய்வதுபோல நின்றுகொண்டிருந்தோம். தட்டில் சோடியம் கொட்டைப்பாக்கு அளவில், மேலே வெள்ளையாகப் பூத்து, ஈரம் கசிந்து கிடந்தது.

"இது என்ன அசிங்கம்? கழுவி வை" என்றார்.

ஏழுமலை கையைக் கட்டிக்கொண்டார். "சார், தண்ணி பட்டா பத்திக்கும் சார். பதினாலு வருஷமா நான் தண்ணி காட்டினதே இல்ல."

"தீர்மானம் தெரியுமா உனக்கு?"

"எனக்குத் தெரியும் சார். அதுக்குத் தெரியாது."

சிலர் சிரித்தார்கள். முதல்வர் சிரிக்கவில்லை. நாளை ஆய்வாளர் முன்னால் தானே கழுவிக் காட்டப்போவதாகச் சொன்னார். நான் சந்திரமௌலியைப் பார்த்தேன். அவர் ஒரு சோதனைக்குழாயை வெளிச்சத்தில் பிடித்து, அது சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தார். நானும் எதுவும் சொல்லவில்லை. என் மனு இன்னும் பரிசீலனையில் இருந்தது.

13-6-1974, வியாழன்

மாலை ஆறு பத்து. முதல்வர் தாமே கிணற்றில் ஒரு வாளி இறைத்தார். புகைப்படம் எடுத்தார்கள். பீங்கான் பேசினில் தண்ணீரை ஊற்றி, இடுக்கியால் சோடியத்தை எடுத்து, "எங்கள் கல்லூரியின் சோடியம் மிகவும் அடக்கமானது" என்று ஆய்வாளரிடம் சொல்லிக்கொண்டே உள்ளே போட்டார்.

நான் பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன். முதலில் சீறல். அது உருண்டையாகித் தண்ணீர்மேல் ஓடியது. பிறகு மஞ்சள் தீ. பிறகு சத்தம். பேசின் இரண்டாகிவிட்டது. விசாலாக்ஷி அம்மாள் மேஜைக்கு அடியில் இருந்தார். எப்போது போனார் என்று தெரியாது. முதல்வருடைய வலது புருவமும் மீசையின் வலது பாதியும் இல்லை. ஏழுமலைதான் ஓடிவந்து மணல் வாளியைக் கொட்டி, தரையில் எரிந்துகொண்டிருந்த துண்டை அணைத்தார். வேறு யாருக்கும் காயமில்லை.

ஆய்வாளர் பார்வையாளர் ஏட்டில், "செயல்முறை விளக்கம் விறுவிறுப்பாக இருந்தது. மற்ற கல்லூரிகளும் பின்பற்றலாம்" என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, தோசை சாப்பிடப் போய்விட்டார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். சோடியம் என் பக்கம் பேசிவிட்டது. இனி நான்கு மதிப்பெண் கிடைத்துவிடும் என்று நினைத்தேன்.

15-6-1974, சனி

விசாரணை. என்னையும் கூப்பிட்டார்கள். முதல்வர் புருவத்தை மையால் எழுதிக்கொண்டு வந்திருந்தார். இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை.

"சோடியம் அடக்கமானது என்பது தீர்மானம்" என்று ஆரம்பித்தார். "தீர்மானத்தை மீறி அது நடந்துகொள்ளக் காரணம் என்ன? அது தனியாக ஐந்து நாள் தட்டில் இருந்தது. ஒரு சத்தம் போட்டதா? இல்லை. தண்ணீர் வந்த பிறகுதான் சத்தம். ஆகவே குற்றம் தண்ணீருடையது. அந்தத் தண்ணீரைப் பற்றி இந்தக் குழு எந்தத் தீர்மானமும் நிறைவேற்றியதில்லை. தீர்மானமில்லாத ஒரு பொருளை ஆய்வுக்கூடத்துக்குள் விட்டது நம் பெருந்தன்மை. அதுவே நம் பலவீனம்."

கிணற்றைப் பூட்டுவது என்று முடிவாயிற்று. குடிப்பதற்கும் அந்தக் கிணறுதான். தாகமுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றார் விசாலாக்ஷி.

அடுத்தது ஏழுமலை. அசம்பாவிதம் நடக்கும் என்று புதன்கிழமையே எல்லார் முன்னிலையிலும் அவர் சொல்லியிருக்கிறார். நடக்கப்போவது ஒருவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால், அதில் அவருக்குப் பங்கு இருக்கிறது என்றுதானே பொருள் என்று முதல்வர் கேட்டார். மைத்துனரும் மாப்பிள்ளையும் ஆமாம் என்றார்கள். அவர்கள் குழுவில் இல்லை, பஜ்ஜிக்காக வந்திருந்தார்கள். கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்ததும் ஏழுமலைதான் என்று குறிப்பில் எழுதப்பட்டது. புகைப்படத்தில் வாளி முதல்வர் கையில் இருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை. யாரும் என்பதில் நானும் அடக்கம்.

வெளிக்கூட்டில், நடுவிலிருந்து மிகத் தள்ளி இருக்கும் எலெக்ட்ரானை நீக்கத்தான் மிகக் குறைந்த ஆற்றல் போதும். ஏழுமலையை நீக்கத் தேவைப்பட்டது அரைத்தாள் காகிதம், ஒரு கையெழுத்து.

17-6-1974, திங்கள்

ஏழுமலை பாண்டி பஜாருக்கே என் கடைக்கு வந்துவிட்டார். வாடிக்கையாளர் போல ஒரு பாப்ளின் துணியைத் தொட்டுக்கொண்டே பேசினார்.

"நைனா, தண்ணி யாரு எறைச்சாங்கன்னு நீ பார்த்தல்ல? அத்த மட்டும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. மேலிடத்துல குடுக்கறேன். வேற ஒண்ணும் வாணாம். பொண்டாட்டி ஆஸ்பத்திரில கீது. பதினாலு வருசம் போனது போவட்டும், இப்ப வேல இல்லேன்னா ரொம்பக் கஷ்டம்."

"எழுதித் தரேன் ஏழுமலை. இருபதாந் தேதி மட்டும் தாண்டட்டும்."

அவர் துணியை மடித்து இருந்த இடத்திலேயே வைத்தார்.

"இருவதுக்கு அப்பாலயா? சரி நைனா. சோடியம்கூட அஞ்சு நாள்தான் பொறுத்துச்சு. நீ அத்தவிட சாது."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். மத்தியானம் கிழித்ததில் ஒரு ரவிக்கைத் துணி கோணலாகப் போயிற்று.

18-6-1974, செவ்வாய்

முதல்வர் அழைத்தார். என் மனுவின்மீது முடிவெடுத்துவிட்டார்கள். கருணை மதிப்பெண் நான்கு தருவார்கள். சான்றிதழ் புதன்கிழமை மாலையே கிடைக்கும். இரண்டு நிபந்தனைகள்.

முதலாவது, ஏழாவது கேள்விக்கு என் விடை தவறு என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். காகிதம் தயாராக இருந்தது. வாசகத்தில் என் பெயரைத் தவிர எல்லாம் பிழையில்லாமல் இருந்தது. நான் ஒரு வாக்கியத்தை இரண்டு தடவை படித்தேன். ஒருவேளை என் விடை தவறாகவே இருக்கலாமோ என்று நினைத்துப் பார்க்க முயன்றேன். எதிலும் எனக்குச் சந்தேகம் வரும்; அப்போது மட்டும் வரவில்லை. கையெழுத்திட்டேன்.

"நல்ல எதிர்காலம் இருக்கு தம்பி உனக்கு" என்றார் முதல்வர். மையால் எழுதிய புருவம் வியர்வையில் கன்னத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கையை நீட்டினார். குலுக்கினேன். பஜ்ஜி எண்ணெய். தெருக்குழாயில் இரண்டு முறை கழுவினேன், வாசனை போகவில்லை.

இரண்டாவது நிபந்தனை: நூலகத்தில் பாடப்புத்தகம் நாற்பத்து மூன்று பிரதிகள் இருக்கின்றன. அவை படத்துக்கு முரணாக இருப்பதால் மாணவர்களிடையே குழப்பம் உண்டாகிறது. ஒவ்வொன்றிலும் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அணு அளவு பற்றிய பத்தியை மறைத்து ஒரு திருத்தச் சீட்டு ஒட்ட வேண்டும். நூற்றுப் பதினான்கில் அயனியாக்கும் ஆற்றலுக்கு இன்னொன்று. என் கையெழுத்தும் ஒழுங்கும் கல்லூரியில் எல்லாருக்கும் பிடித்திருக்கிறதாம். அதனால்தான் என்னிடம் தருகிறார்களாம்.

சீட்டுகளை ஷகீலா அடித்துக் கொண்டுவந்திருந்தாள். எண்பத்தாறு சீட்டுகள், ரப்பர் வளையம் போட்ட கட்டாக.

"ஒண்ணுலகூட எழுத்துப்பிழை இல்லை. சரிபார்த்துட்டேன்" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாலாம் தேதியே நான் சொன்னதைக் கேட்டிருந்தா இந்த ஒட்டுற வேலையாவது மிச்சம்" என்றாள்.

ஒரு சீட்டைப் படித்தேன். "மூன்றாம் வரிசையில் சோடியம் முதல் ஆர்கான் வரை அணு படிப்படியாகப் பெருக்கிறது. கூடத்திலுள்ள படம் காண்க."

ஏழுமலைக்கு நான் எழுதித் தருவதாகச் சொன்ன காகிதத்தை இன்று எழுத உட்கார்ந்தேன். தேதி போட்டேன். "நான் பார்த்தது" என்று ஆரம்பித்தேன். அதே பேனாவால் மாலையில் வேறொன்றில் கையெழுத்திட்டிருக்கிறேன். இந்த இரண்டு காகிதங்களையும் ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதை நம்புவார்? மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

நாளை, புதன்: கடையில் அரைநாள் விடுப்புச் சொல்ல வேண்டும். கால்படி மைதா வாங்கிப் பசை காய்ச்சி, மூடியுள்ள டப்பாவில் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய துணி ஒன்று. கிணறு பூட்டியிருப்பதால் கை கழுவ ஒரு செம்புத் தண்ணீர் அறையிலிருந்தே கொண்டுபோக வேண்டும். நான்கு மணிக்கு நூலகம். முதலில் பக்கம் 112, பிறகு 114. நாற்பத்து மூன்று புத்தகங்கள்.